வலப்பக்கம் மட்டும் திரும்பிய சைக்கிள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சமமான தரை என்று ஒரே ஓர் இடம்தான் உண்டு. அது பெரட்டுக் களம். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். காலையில் எல்லாரும் அந்தக் களத்தில் கூடுவோம். தோட்டத்து மேற்பார்வைக்காரரான கண்டாக்கு வந்து ஆள் எண்ணி, இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து என்று பிரித்து அனுப்புவார். அங்கே நேரத்துக்கு நின்றால்தான் பேர். ஒரு நாள் வேலைக்கு எங்கள் பக்கத்தில் 'பேர்' என்றுதான் சொல்வோம். பிந்திப் போனால் அரைப்பேர். பதினெட்டு வருஷம் அந்தக் களத்தில் நின்றவள் நான். அரைப்பேரும் வாங்கியிருக்கிறேன். பேசாமல் வாங்கியதில்லை, இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன்.

அப்புறம் எனக்கு டவுனில் ஒரு கொமினிகேஷனில் வேலை கிடைத்தது. போட்டோ கொப்பி எடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் நடக்கிற கடை. ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்திருந்தேன், சிங்களமும் எழுதுவேன், அதனால் எடுத்துக்கொண்டார்கள். கடைசி நாள் களத்தில் சொல்லிக்கொள்ளப் போனேன். கண்டாக்கு குடையை ஊன்றிக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னார்.

"போ போ. ரெண்டு மாசத்துல கம்பளியப் போத்திக்கிட்டு இதே எடத்துல வந்து நிப்ப. அப்ப நான் பேரு இல்லன்னு சொல்லுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மதினியும் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. செத்தாலும் இந்தக் களத்துக்குத் திரும்பி வருவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கடை முதலாளி முஸ்லிம், அண்ணன் என்கிற மாதிரி நாங்கள் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷன், ஆனால் நேரம் என்று வந்தால் கல். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரமே கடைச் சாவியை என்னிடம் கொடுத்தார், ஏழரைக்குக் கதவைத் திறக்கவேண்டும் என்று. கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வாழ்க்கையில் யாரும் என்னிடம் ஒரு சாவியை நம்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. லயத்துக் காம்பராவுக்குக்கூட நாங்கள் பூட்டுப் போடுவதில்லை.

நாட்டில் டீசல் இல்லாமல் போன காலம் அது. பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. கரண்டும் அப்படித்தான். எட்டரைக்குப் போனால் எப்போது வரும் என்று தெரியாது. பாஸ்போர்ட் எடுக்க, அரசாங்க ஆபீசுக்குக் கொண்டுபோக என்று காலையிலேயே ஆட்கள் கொப்பிக்கு வந்து நிற்பார்கள். ஒரு நாள் பஸ் வராமல் எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். நானா கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"தங்கச்சி, கரண்ட் ஈக்கிற நேரம்தான் எனக்கு யாவாரம். நீங்க வர்ற நேரம் கரண்ட் போறதுன்னா பொறவு எதுக்கு கட? இது ஒண்ணு. மூணு தரம் பிந்தினா சாவியத் தந்திட்டுப் போங்க. நான் வேற ஆள் பாத்துக்கிறேன்."

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

தோட்டத்திலிருந்து டவுன் நாலு மைல். நடந்தால் இரண்டு மணித்தியாலம். ஏழரைக்குப் போய்ச் சேர அஞ்சரைக்கே கிளம்பவேண்டும், அந்த இருட்டில் இரண்டாம் வளைவில் சிறுத்தை நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கொழும்பில் வேலை செய்கிற என் வீட்டுக்காரரிடம் போனில் சைக்கிள் வாங்கப்போவதாகச் சொன்னேன்.

"மலையில சைக்கிளா? ஒனக்கு என்னா கிறுக்கு புடிச்சிருக்கா? மொதல்ல ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. படிச்சுக்குவேன்."

"விழுந்து கைய கால ஒடச்சுக்கிட்டா?"

"ஒடஞ்சா கட்டுப் போட்டுக்கிட்டு ஓட்டுவேங்க. போன வெக்கிறேன், காசு போகுது."

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பாஸ், ரிப்பேர் வேலை தெரிந்த மனுஷன், பழைய சைக்கிள் விற்கிறார். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய சைக்கிள்களைப் பிரித்து, கழுவி, பூட்டி, வாசலில் நிறுத்தியிருப்பார். சிங்கள ஆள், தமிழும் அரைகுறையாகப் பேசுவார், என்னைத் தங்கச்சி என்பதற்கு நங்கி என்பார். சீட்டு எடுத்த காசைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய் நின்றேன். பெட்ரோல் இல்லாததால் சைக்கிள் எல்லாம் பறந்துபோய் நாலே நாலுதான் மிச்சம். ஒன்று கியர் சைக்கிள். ஹேண்டில் இறங்கிக் கிடந்தது, குப்புறப் படுத்துக்கொண்டுதான் ஓட்டவேண்டும் போலிருந்தது. ஒன்று குறுக்கே கம்பி வைத்த ஆம்பிளைச் சைக்கிள். சேலையோடு அதில் ஏறுவதற்கு நடந்தே போய்விடலாம். மற்ற இரண்டும் லேடீஸ் சைக்கிள். சிவப்பு ஒன்று, சாம்பல் ஒன்று.

பாஸ் சாம்பல் சைக்கிளைத் தட்டிக் காட்டினார். "மேக்க ஹொந்தயி, நங்கி. இது நல்லம். மூணு கியர். ரெண்டு பிரேக்கும் கையில."

கூடை நசுங்கியிருந்தது. சீட்டைத் தொட்டுப் பார்த்தேன், பலகை மாதிரி இருந்தது. சிவப்புச் சைக்கிளின் சீட்டு அகலமாக, கீழே இரண்டு ஸ்பிரிங்கோடு, உட்கார்ந்தால் அப்படியே அமுங்கியது. பதினெட்டு வருஷம் மலையில் நின்றே வேலை செய்தவளுக்கு மெத்தையில் உட்கார ஆசை வராதா?

"ஓட்டிப் பாருங்க" என்றார் பாஸ்.

"எனக்கு ஓட்டத் தெரியாது."

"அப்ப எப்படி நல்லம் பார்க்கிறது?"

"உக்காந்து பாத்துத்தான்."

"நங்கி, வாங்க வந்தது சோபாவா, பைசிக்கலா?"

"எம் முதுகு, எங் காசு. செவப்பக் குடுங்க" என்றேன். கால் இரண்டும் தரையில் பதியவேண்டும் என்று சீட்டை இறக்கச் சொன்னேன். வேண்டாம் என்றார். இறக்குங்க என்றேன். இறக்கிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

சமதரை என்று ஒன்றே ஒன்று இருக்கும்போது ஓட்டிப் பழக வேறு எங்கே போவது? எந்தக் களத்துக்கு வருவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேனோ அங்கேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன். சாயங்காலத்தில் கண்டாக்கு வரமாட்டார், அந்த அளவுக்கு நிம்மதி. மாசி மாதம். காமன் கூத்துக்குக் களத்தின் நடுவில் கம்பம் நட்டிருந்தார்கள். காமனை எரிக்கிற நாள் வரைக்கும் அந்தக் கம்பம்தான் சாமி. பின்னால் கெரியரைப் பிடிக்க வந்த மதினி, நான் காலைத் தூக்குவதற்கு முன்னாலேயே சட்டம் போட ஆரம்பித்துவிட்டாள்.

"அடியே, செருப்பக் கழட்டு. சாமி இருக்குல்ல."

கழற்றினேன்.

"அந்தப் பக்கமா திரும்பாத. சாமிய இடஞ்சுத்தாதடி பாவி, குடும்பத்துக்கு ஆகாது. வலமா போ, வலமா போ!"

ஒரு வாரம் வலமாகவே போனேன். கம்பம் எப்போதும் என் வலது கைப் பக்கம். முதல் இரண்டு நாள் விழுந்தேன். மூன்றாம் நாள் மதினி கையை விட்டுவிட்டாள், நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே பேசிக்கொண்டு வந்தேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் தூரத்தில் நின்று இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஆறு சுற்று, மறுநாள் இருபது. லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டன. மெத்தையும் சுகமாகத்தான் இருந்தது. அந்த ஒரு வாரமும் பால் வேன்காரரைக் கெஞ்சி வேலைக்குப் போனேன். திங்கட்கிழமை சைக்கிளில் போவதென்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை விடிந்து வெளிச்சம் வந்ததும் கிளம்பினேன். பெரிய ரோட்டுக்கு ஏறும் வரைக்கும் தள்ளினேன். அதற்கப்புறம் இறக்கம். ஐயோ, அந்த இறக்கம்! களத்தில் மெத்தையாக இருந்த சீட்டு ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சீட்டு தாழ்வாக இருந்ததால் முட்டி நெஞ்சை இடித்தது. முன்பிரேக் என் விரலுக்கு எட்டவில்லை, பின்பிரேக் பிடித்தால் கீச்சென்று கத்தியதே தவிர நிற்கவில்லை. பழகியதெல்லாம் வெறுங்காலில், இப்போது செருப்பு பெடலில் வழுக்கியது. தெரிந்த சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டே குளக்கரை ரோட்டுக்கு இறங்கினேன். அங்கே இருந்து டவுன் வரைக்கும் சமம். மணிக்கூண்டைப் பார்த்தேன், ஏழு இருபத்தஞ்சு. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கடைக்குப் போக மார்க்கெட்டுக்கு எதிரில் இடது பக்கம் திரும்பவேண்டும். ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினேன். உடம்பு திரும்பவில்லை. நிஜமாகச் சொல்கிறேன், கை திரும்பியது, உடம்பு திரும்பவில்லை. ஒரு வாரம் முழுக்க வலம் வந்த உடம்பு அது. சைக்கிள் ஆடியது, பின்னால் லொறி ஹாரன் அடித்தது, பயத்தில் நேராகப் போய்விட்டேன். இறங்கித் தள்ளலாம் என்றால் இடது ஓரம் முழுக்கப் பெட்ரோல் வரிசை, வண்டிகளுக்கு நடுவில் கால் வைக்க இடமில்லை. சரி, தெரிந்த பக்கமே திரும்புவோம் என்று அடுத்த சந்தில் வலது பக்கம் திரும்பினேன். மறுபடி வலது. மறுபடி வலது. மார்க்கெட்டை முழுசாக வலம் வந்து, ரோட்டைக் குறுக்கே கடந்து கடைத் தெருவுக்குள் நுழைந்தபோது நானா கையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு முப்பத்தெட்டு.

"என்னத்துக்கு தங்கச்சி மார்க்கெட்ட சுத்துறீங்க? நான் இங்க நிண்டு பாத்துக்கிட்டுத்தான் ஈக்கிறேன். சைக்கிள்ள வந்தும் லேட்டா?"

காமன் கம்பத்தை எப்படி இவருக்கு விளங்கப்படுத்துவது? தலையைக் குனிந்துகொண்டு ஷட்டரைத் தூக்கினேன். "இது ரெண்டு" என்றார் நானா.

அன்று சாயங்காலம் சிவப்புச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாஸிடம் போனேன். வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "நீங்க சொன்னது சரி. எனக்குத்தான் புத்தி இல்ல. மாத்திக் குடுங்க" என்றேன். பாஸ் சிரிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை. சாம்பல் சைக்கிள் அங்கேயே இருந்தது. யாருக்கும் பிடிக்காத சைக்கிள் போலிருக்கிறது.

இந்தத் தடவை நான் சுலபத்தில் விடவில்லை. பாஸ் என்னை ஏறி உட்காரச் சொல்லி, பெடலைக் கீழே விட்டு, காலை நீட்டச் சொன்னார். குதிகால் பெடலில் படுகிற வரைக்கும் சீட்டை உயர்த்தினார். "நங்கி, தரை பார்க்க வேணாம். ரோட் பாருங்க. நிக்கிற நேரம் ஒரு கால் நுனி போதும்" என்றார். ஹேண்டிலைக் கொஞ்சம் மேலே தூக்கி முதுகு நிமிரும்படி வைத்தார். பிரேக்கில் இருந்த சின்ன ஆணியைத் திருகி என் குட்டை விரலுக்கு எட்டும்படி கிட்டே கொண்டுவந்தார். இரண்டு விரலால் அழுத்தினேன், சக்கரம் அசையாமல் நின்றது. கொழுந்து கிள்ளிக் காய்ப்பேறிய விரல்கள், அவற்றுக்குப் பலம் இல்லாமலா?

"சரி, கொண்டு போங்க" என்றார்.

"போஸ்ட் ஆபீஸ் ஏத்தத்துல ஓட்டிப் பாக்காம கொண்டு போக மாட்டேன்."

மூன்று தடவை ஏறி இறங்கினேன். சின்னக் கியரில் முக்கால்வாசி ஏற்றம் இறங்காமல் ஏறமுடிந்தது. இறக்கத்தில் நடுவில் வேண்டுமென்றே பிரேக் பிடித்தேன், நின்றது. பலகைச் சீட்டு முதலில் வலித்தது, மூன்றாவது தடவை அது இருப்பதே மறந்துவிட்டது. சுகம் என்று நான் நினைத்திருந்தது தப்பு. சைக்கிளைப் பற்றி நினைக்காமல் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போகமுடிந்ததே, அதுதான் சுகம். பாஸ் வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே பார்த்தார்.

மிச்சம் இருந்தது இடது பக்கம், அது பழகும் வரைக்கும் மறுபடி பால் வேன்தான். அன்று ராத்திரியே களத்தில் காமனை எரித்தார்கள். மறுநாள் சாம்பல்கூட முழுசாக அள்ளவில்லை, மதினியைக் கூப்பிட்டேன். "காமன் எரிஞ்சாச்சு. இனி எந்தப் பக்கமும் சுத்தலாம்ல?" அவள் வந்தாள், ஆனால் முகம் சரியில்லை. சைக்கிளைப் பிடிக்காமல் கேட்டாள்.

"பெரட்டுக்கு வரமாட்டேன், பெரட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்கியே, நாங்க எல்லாம் நிக்கிற எடம்தானே அது? அவ்வளவு கேவலமாப் போச்சா ஒனக்கு?"

சுருக்கென்று இருந்தது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினேன்.

"பெரட்டு கேவலமில்ல மதினி. அந்த ஆளு பேரு இல்லன்னு சொல்லுவாரு, நான் அதக் கேட்டுக்கிட்டு நிக்கணும். அதுதான் கேவலம். அன்னிக்கு நீயும் சிரிச்ச."

"சிரிச்சேன்" என்றாள் மதினி. "எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டேன். தப்புதான்." அப்புறம் கெரியரைப் பிடித்தாள். "ஏறு. இடப்பக்கம் திருப்பு. ஒடம்பையும் சேத்துத் திருப்புடி, கைய மட்டும் முறுக்காத!"

அன்றைக்கு இருட்டும் வரைக்கும் இடமாகவே சுற்றினேன். செருப்புப் போட்டுக்கொண்டுதான். மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள்.

வியாழக்கிழமை பால் வேன்காரர் சொல்லிவிட்டார், டீசல் தீர்ந்தது, நாளையிலிருந்து ஓடாது என்று. பஸ்ஸும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் நானும் சைக்கிளும்தான். பிந்தினால் மூன்று. சாவி போகும், அதற்கப்புறம் எனக்கு அந்தக் களத்தைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. விடிந்து பார்த்தால் கையை நீட்டினால் கை தெரியாத பனிமூட்டம். மதினி கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குக் கிளம்பி நின்றாள். மழைக்குத் தன் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் படங்கை அவிழ்த்து என் தோளில் போட்டு முடிச்சுப் போட்டாள். "மெதுவா போயி நேரத்தோட போ" என்றாள். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று கேட்க எனக்கு நேரமில்லை.

இரண்டாம் வளைவில் ஒரு மாடு ரோட்டுக்கு நடுவில் நின்றது. கிட்டே போகும் வரைக்கும் தெரியவில்லை. இரண்டு விரல், இரண்டு பிரேக். சைக்கிள் மாட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மாடு என்னைப் பார்த்தது. சிவப்புச் சைக்கிளாக இருந்திருந்தால் மாட்டின் மேல்தான் உட்கார்ந்திருப்பேன். மாட்டைச் சுற்றிச் சைக்கிளைத் தள்ளினேன். மறுபடி ஏறி மிதித்தேன். குளக்கரையில் பெரிய கியரில் போட்டு, மூச்சு வாங்க வாங்க மிதித்தேன். மார்க்கெட் வந்தது. இடது ஓரத்தில் அதே பெட்ரோல் வரிசை. பின்னால் வண்டி இருக்கிறதா என்று பார்த்தேன், கையை நீட்டினேன், ஹேண்டிலோடு உடம்பையும் சேர்த்துத் திருப்பினேன். திரும்பிவிட்டேன். "ஆ!" என்று நான் கத்தியதில் வரிசையில் த்ரீவீலருக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார்.

கடை வாசலில் குடையோடு ஒரே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். எங்கள் கண்டாக்கு, பெரட்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கக்கத்தில் பைல். என்னையும் சைக்கிளையும் படங்கையும் மாறி மாறிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் கை மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இப்பதான் வர்றியா?"

கழுத்திலிருந்து சாவியை எடுத்து ஷட்டரைத் தூக்கினேன். உள்ளே சுவரில் மணிக்கூடு ஏழு இருபத்தொன்று காட்டியது. கையை நீட்டிக் காட்டினேன்.

"ஏழரைக்குத்தாங்க வேல. முழுப்பேரு."

அவர் பைலைத் திறந்தார். மகனின் பாஸ்போர்ட் பாரத்தை நீட்டினார். "ரெண்டு கொப்பி வேணும். கரண்ட் போறதுக்கு முன்னால குடுத்தீங்கன்னா நல்லது" என்றார். பதினெட்டு வருஷத்தில் அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். நல்ல தெளிவாக, கோணாமல் எடுத்துக் கொடுத்தேன்.

ஏழே முக்காலுக்கு நானா வந்தார். கடை திறந்து, மெஷின் ஓடி, நாலு பேர் வரிசையில் நிற்பதைப் பார்த்தார். வாசலில் சுவரோரம் சாய்ந்திருந்த சைக்கிளையும் பார்த்தார். அப்புறம் கையை நீட்டினார்.

"அந்தச் சாவியத் தாங்க."

நேரத்துக்குத்தானே வந்தேன்? சண்டை போட வாய் திறந்துகொண்டே கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். அவர் மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, முடிச்சை மெதுவாக அவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து அதே கயிற்றில் கோத்து, மறுபடி முடிச்சுப் போட்டு நீட்டினார்.

"பொறவாசல் சாவி. சைக்கிள உள்ள வெச்சுக்கோங்க தங்கச்சி. வெளிய வெச்சா எவனாவது கொண்டு போயிடுவான், பொறவு நீங்க எப்படி நேரத்துக்கு வாறது?"